குழல் மாற்று

அந்தி மயங்கும் வேளையில் மஞ்சனாற்றைப் பார்த்திராதவர்கள் பாதிப் பிறவியை வீணாக்கிவிட்டார்கள் என்று நாம் சொன்னால் வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மேற்கே மலைத்தொடருக்குப் பின்னால் இறங்கிய கதிரவன் வானத்தின் விளிம்பில் கொஞ்சம் செம்மையை மட்டும் விட்டுவைத்திருந்தான். கிழக்கே பனங்காட்டுக்கு மேல் முழுநிலா ஒரு வெள்ளித் தாம்பாளமாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஓடிய ஆறு எவருடைய ஒளியை வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்ய மாட்டாமல், மேல்புறம் செம்பாகவும் கீழ்ப்புறம் வெள்ளியாகவும் மினுங்கியது. கரையோர நாணலில் கொக்குகள் அடைந்துகொண்டிருந்தன.

வடகரையில் ஆனைக்கரைக் கோட்டை. தென்கரையில் கொன்றையூர்ப் பாளையத்தார் அன்று காலைதான் வந்து அடித்த கூடாரங்கள். மற்ற நாளில் இந்த இரண்டு பாளையத்தாரும் இவ்வளவு கிட்டத்தில் நின்றால் நடுவிலே குண்டுகள் பறக்கும். இன்றைக்குச் சமையல் புகைதான் பறந்தது.

இவர்களுக்குள் சண்டை எதற்காக மூண்டது என்று கேட்டு எம்மைத் தொல்லைப்படுத்தாதீர்கள். ஆனைக்கரையில் விசாரித்தால் வாய்க்கால் தண்ணீர் என்பார்கள். கொன்றையூரில் விசாரித்தால் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை என்பார்கள். பாட்டன் காலத்துப் பகை பேரன் காலம் வரைக்கும் வந்து, இரண்டு பக்கத்திலும் ஆளைத் தின்று தீர்த்த பிறகு, இளைய தலைமுறைக்கு ஒருவழியாக அலுத்துப்போயிற்று. கொன்றையூருக்குப் புதிதாகப் பட்டத்துக்கு வந்த வீரகேசரித் தேவர் சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார். ஆனைக்கரைப் பாளையக்காரர் திரிபுவனத் தேவர், மூன்று நாள் மீசையை முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார்.

அந்த நாட்டில் சமாதானம் என்றால் ஓலையில் எழுதுவதல்ல. குழல் மாற்று என்று ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமி அந்தியில் இரு பாளையக்காரரும் தத்தம் சொந்தத் துப்பாக்கியை, மருந்தும் குண்டும் இல்லாத வெறுங்குழலாக, எதிரியின் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அந்த வீட்டுப் பெண் ஒருத்தி அதைக் கழுவித் துடைத்து எண்ணெயிட்டு வைத்துக்கொள்வாள். மறுநாள் காலை ஆற்று நடுத் திட்டில் அவளே மருந்து போட்டுக் கொடுப்பாள். துப்பாக்கிக்கு உடையவர் குழலுக்குள் கண்ணையோ கோலையோ விட்டுச் சோதிக்காமல், வாங்கிய கையோடு வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். எதிரி வீட்டுப் பெண்ணின் கையை நம்பி முகத்துக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்துக்கொள்கிறவன் அதற்கு மேல் என்ன சத்தியம் செய்துவிடப் போகிறான்?

ஆனைக்கரைக்கு அந்தப் பெண், பாளையக்காரரின் தங்கை அன்னவடிவு நாச்சியார். படித்துறை மண்டபத்தில், நீருக்கு மேலிருந்த அகலப் படியில், கோரைப்பாய் விரித்து அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழந்துணிக் கிழிசல்கள், கொழுப்புக் கிண்ணம், தேன்மெழுகு உருண்டை, மருந்து இடிக்கும் நீண்ட கெட்டிக்கோல். அவளுடைய தோழி செவத்தி தணல் சட்டியில் வெந்நீர்ப் பானையை ஏற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தாள். நாச்சியாரின் அழகை வருணிக்க எமக்கும் ஆசைதான். ஆனால் அன்றைக்கு அவள் பட்டைக் களைந்துவிட்டுப் பழைய நூல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை வளையல்களை ஏற்றிவிட்டு, வேலைக்குத் தயாராக இருந்தாள். அந்தக் கோலத்தில் வருணித்தால் அவளுக்கே பிடிக்காது.

படிகளில் காலடி ஓசை கேட்டது. திரிபுவனத் தேவர் முன்னால் வர, பின்னால் ஓர் இளைஞன் சிவப்புத் துணி சுற்றிய நீளப் பொதியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தான். சாதாரணப் படைவீரனின் உடை, தலையில் முரட்டு முண்டாசு. நடை மட்டும் உடையோடு ஒட்டவில்லை.

"அன்னம், கொன்றையூராரின் துப்பாக்கி வந்துவிட்டது. முறைப்படி இவர் அதன் சாட்சி. நீ வேலை முடிக்கும் வரை பக்கத்திலிருந்து பார்ப்பார், தொடமாட்டார். பெயர் கார்மேகமாம்" என்றார் தேவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கவனமாகச் செய், அம்மா. நாளைக்கு இந்தக் குழலுக்கு ஒரு குறை நேர்ந்தால், ஆனைக்கரைப் பெண் வஞ்சகம் செய்தாள் என்று காலத்துக்கும் பேசுவார்கள். பேச்சோடு நிற்கவும் மாட்டார்கள்."

"தெரியும், அண்ணா. நீங்கள் போய் நம்முடைய துப்பாக்கியைப் பத்திரமாகப் பரிசலில் ஏற்றுங்கள்" என்றாள் அன்னவடிவு.

தேவர் படியேறிப் போனார். சாட்சி பொதியை அவள் முன்னே வைத்துவிட்டு இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான். துணியை விலக்கியதும் துப்பாக்கி நிலவொளியில் பளபளத்தது. கட்டையில் வெள்ளிப் பூவேலை. குழலின் வெளிப்புறம் கண்ணாடி. துறைமுகத்து ஒல்லாந்து வெள்ளைக்காரரிடம் வாங்கியது. குண்டு சுழன்று போவதற்காகக் குழலின் உட்புறம் திருகு திருகாக வரி வெட்டியது. அன்னவடிவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. நல்ல துப்பாக்கியைப் பார்த்தால் அவளுக்குப் பகைவர் வீட்டுப் பொருள் என்பதெல்லாம் மறந்துபோகும்.

"வெளியே முகம் பார்க்கலாம் போலிருக்கிறது. உள்ளே எப்படியோ?" என்றாள் அவள்.

"எங்கள் பாளையக்காரர் தம் துப்பாக்கியைத் தாமே பேணுகிறவர், நாச்சியார்" என்றான் சாட்சி, சற்று விறைப்பாக.

"பார்த்துவிடுவோம்" என்று சொல்லி அவள் கெட்டிக்கோலின் முனையில் துணியைச் சுற்றினாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். குழல் மாற்றில் பெரிய வீட்டுப் பெண்கள் மெய்யாகவே குழலைக் கழுவுவது நின்றுபோய் வெகுகாலம் ஆயிற்று. பட்டுத்துணியால் குழலின் வாயை ஓர் ஒற்று ஒற்றி, எண்ணெயை விரலால் தொட்டுத் தடவி, சந்தனப் பொட்டு வைத்து அனுப்புவதுதான் நடைமுறை. கரியில் கைவிடும் நாச்சியார்களை அந்தச் சீமை கண்டதில்லை. ஆனால் அன்னவடிவு சின்ன வயசு முதல் கோட்டைத் துப்பாக்கிகளோடு புரண்டவள். வேலையை அரைகுறையாகச் செய்யச் சொன்னால் அவளுக்குக் கை வராது. இது ஆற்றுக்கு அக்கரையில் ஒருவருக்கும் தெரியாது.

கோல் குழலுக்குள் இறங்கியது. பாதி வழியிலேயே நின்றது.

அவள் மெல்ல அழுத்தினாள். நகரவில்லை. கோலை விரல் வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, குழலின் மேலேயே நீளவாக்கில் வைத்துப் பார்த்தாள். அடியைத் தொட இன்னும் ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. பிறகு துப்பாக்கியை மெதுவாகத் திருப்பி, அதன் வாய் ஆற்றைப் பார்க்கும்படி கிடத்தினாள்.

"செவத்தி, தணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு அந்தப் பக்கம் போ. விளக்கையும் எடுத்துப் போ."

"ஏம்மா, இருட்டுல என்னத்தப் பாப்பீக? வெந்நி ஆறிப் போகுமில்ல?"

"பானையை மட்டும் வைத்துவிட்டுப் போ. நிலா இருக்கிறது."

செவத்தி முணுமுணுத்துக்கொண்டே போனாள். அன்னவடிவு துப்பாக்கியின் பக்கவாட்டில், நெருப்பு உள்ளே புகும் சிறு துளையைத் தடவினாள். நெருப்புப் பட்டதும் உருகிவிடும்படி மெல்லிய மெழுகு வைத்து அடைத்திருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து மெழுகைக் குத்தி வெளியே இழுத்தாள். ஊசி முனையில் கறுப்பாக இரண்டு மூன்று பொடிமணிகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

"வீரரே" என்றாள், குரலை உயர்த்தாமல். "கொன்றையூரில் குழல் மாற்றுக்குத் துப்பாக்கியை மருந்தோடுதான் அனுப்புவார்களோ?"

சாட்சி எழுந்துவிட்டான். "இல்லை, நாச்சியார். வெறுங்குழல்தான் முறை."

"அப்படியானால் கேளும். அடியில் மருந்து இருக்கிறது. கோலோ பாதி வழியில் நிற்கிறது. மண்ணோ எதுவோ வைத்து அடைத்திருக்கிறார்கள்; அதன் கீழே குண்டும் இருக்கும். நான் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு அனுப்பியிருந்தால் நாளைக் காலையில் இந்தக் குழல் பிளந்து உங்கள் பாளையக்காரரின் முகத்தைக் கொண்டுபோயிருக்கும். பழி ஆனைக்கரைப் பெண் தலையில்."

நிலவு அவன் முகத்தில் நேராக விழுந்தது; அந்த முகத்தில் ரத்தம் வற்றிப்போவதை அவள் பார்த்தாள். சூது செய்து மாட்டிக்கொண்டவன் முகம் அப்படி இருக்காது. சொந்த வீட்டுச் சோற்றில் நஞ்சைக் கண்டவன் முகம் அது.

"தூக்கி வந்தது நீர்" என்றாள் ஆனாலும்.

"நான்தான். நேற்று மாலை என் கையாலேயே துடைத்து வெறுங்குழலாக வைத்தேன். இன்று உச்சிப் பூசைக்குக் கூடாரத்தில் அம்மன் முன்னே வைத்திருந்தது. எங்கள் பெரியவர்கள் எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். அவர்களில் யாரோ ஒருவர்..." அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "நீங்கள் திரிபுவனத் தேவரை அழைப்பதானால் அழைக்கலாம், நாச்சியார். அது தங்கள் உரிமை. நான் ஓட மாட்டேன்."

அன்னவடிவு கோட்டைப் பக்கம் திரும்பினாள். அண்ணனின் கோபம் அவளுக்குத் தெரியும். மருந்தடைத்த துப்பாக்கியைச் சமாதானத்துக்கு அனுப்பினார்கள் என்று காதில் விழுந்தால் போதும். யார் செய்தது, எதற்குச் செய்தது என்றெல்லாம் கேட்க நிற்க மாட்டார். நிலா உச்சிக்கு வருவதற்குள் படை ஆற்றில் இறங்கிவிடும். சின்ன அண்ணன் இரணசிங்கம் போன போரில் இதே ஆற்றில் இறங்கியவர்தான். திரும்பி வரவில்லை.

"ஒன்று கேட்கலாமா?" என்றான் சாட்சி. "தங்கள் தமையனார் எங்கள் குண்டுக்குத்தான் இரையானார். கண்டதைக் காணாததுபோல் இந்தத் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டால், தங்களுக்கு அந்தக் கணக்குத் தீரும் அல்லவா?"

"தீருமா? கொன்றையூரார் சாவார். அதற்குப் பழிவாங்க நீங்கள் வருவீர்கள். என் அண்ணன் வாளை எடுத்துக்கொண்டு முன்னால் போவார். எனக்கு மிச்சம் இருப்பது ஒரே அண்ணன், வீரரே. அவரை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை." அவள் பானையை அருகே இழுத்தாள். "உங்கள் பாளையக்காரருக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்."

"ஒரு தாயார் இருக்கிறார்" என்றான் அவன் மெல்ல.

அப்போதுதான் மேல்படியிலிருந்து தேவரின் குரல் வந்தது. "அன்னம், வேலை முடிந்ததா? விளக்கு ஏன் அணைந்திருக்கிறது?"

சாட்சி மூச்சை அடக்கிக்கொண்டான். அன்னவடிவு நிமிர்ந்தாள்.

"விளக்கைப் பார்த்துப் பூச்சி வருகிறது, அண்ணா. குழலில் வேண்டாத அழுக்கு நிறைய இருக்கிறது. எடுத்துவிட்டுத்தான் வருவேன். நீங்கள் சாப்பிட்டுப் படுங்கள்."

"கொன்றையூர்க்காரன் பேணுகிற லட்சணம்" என்று சிரித்துக்கொண்டே தேவர் போய்விட்டார்.

வாசகர்களே, பொய் சொல்வதை நாம் ஆதரிப்பவர்கள் அல்லோம். ஆனால் நாச்சியார் சொன்னதில் பூச்சியைத் தவிர வேறு பொய் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

அவள் முதலில் துளை வழியாக வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நனைந்த மருந்து எந்த நெருப்புக்கும் மசியாது. பிறகு குழலைச் செங்குத்தாக நிறுத்தி வாய் வழியே வெந்நீரை ஊற்றி, ஊறவிட்டு, கவிழ்த்தாள். சேற்றுநீர் வழிந்தது. களிமண்தான். சாட்சி தயங்கித் தயங்கி அருகே வந்தான்.

"துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பதுதானே முறை? பானையைத் தொடக் கூடாது என்று இல்லையே" என்றான்.

"ஊற்றும். மெதுவாக" என்றாள் அவள்.

அவன் ஊற்ற, அவள் கவிழ்க்க, மறுபடி ஊற்ற, மண் முழுவதும் கரைந்து ஆற்றோடு போயிற்று. கோலின் முனையில் திருகாணியைப் பொருத்தி உள்ளே விட்டு, ஈயக்குண்டில் ஏறும்வரை திருகி, கால்களால் கட்டையை அணைத்துக்கொண்டு இழுத்தாள். குண்டு வரிகளில் கிறீச்சிட்டுக்கொண்டு வந்து, வெளியே விழுந்து, படியில் உருண்டு தண்ணீருக்குள் போயிற்று. அதன் பின்னாலேயே கரைந்த மருந்து தாராகக் கொட்டியது. இருவரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள். அதைக் கவனித்து இருவருக்கும் சிரிப்பு வந்தது.

"செவத்தி, விளக்கைக் கொண்டு வா. இன்னொரு பானை வெந்நீரும் வேண்டும்" என்று அன்னவடிவு கூப்பிட்டாள்.

இனிமேல் நடந்ததுதான் அவளுக்குப் பிடித்த வேலை. ஈரத்துணியைக் கோலில் சுற்றி உள்ளே விட்டால் முதலில் மை போலக் கறுப்பாக வந்தது, அடுத்து சாம்பல் நிறமாக, அதற்கடுத்து மங்கலாக. ஒவ்வொரு வரியிலும் துணி ஏறி இறங்கும்படி கோலைத் திருகிக்கொடுத்தாள். வெடிமருந்தின் கரியில் உப்பு இருக்கிறது. அதை விட்டுவைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்து இரும்பை ஒரு மழைக்காலத்தில் அரித்துத் தின்றுவிடும். துணி வெள்ளையாக வந்ததும், கடைசியாகக் கொதிக்கக் கொதிக்க ஒரு தண்ணீர் விட்டாள். அந்தச் சூட்டிலேயே குழல் உள்ளே உலர்ந்தது. உலர்ந்த துணியால் மேலும் ஒரு தடவை துடைத்து, விளக்கை அடித்துளைக்கு நேரே பிடிக்கச் சொல்லி, வாய் வழியாகப் பார்த்தாள். நாளைக்குத் துப்பாக்கிக்கு உடையவர்தான் பார்க்கக் கூடாது. இன்றைக்கு இவள் பார்க்கத் தடையில்லை. வரிகள் சங்கின் உட்புறம் போலச் சுருண்டு சுருண்டு மின்னின.

"இனி எண்ணெய்" என்றாள். "உங்கள் ஊரில் என்ன இடுவீர்கள்?"

"நல்லெண்ணெய்தான். சுத்தமான செக்கு எண்ணெய்."

"அதுதான் வரிகளில் பிசுக்குப் பிசுக்காக இருந்ததா? நல்லெண்ணெய் தோசைக்கு ஆகும், வீரரே. இரும்பில் கிடந்தால் நாளடைவில் பிசினாகிவிடும்."

"எங்கள் பாட்டனார் காலம் முதல் நல்லெண்ணெய்தான்."

"உங்கள் பாட்டனார் காலம் முதல் எங்களோடு சண்டையும்தான். இரண்டையும் சேர்த்தே விட்டுவிடலாம்." ஆட்டுக்கொழுப்பைத் தேன்மெழுகோடு இளக்கி, துணியில் தோய்த்து, உள்ளே மெல்லிய படலமாக ஏற்றினாள். வெளியேயும் பூசித் துடைத்தாள். "இப்படி வைத்தால் ஆடிச் சாரல்கூட ஒன்றும் செய்யாது. ஆனால் சுடுவதற்கு முன் உள்ளே இருக்கும் கொழுப்பை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நனைந்து பற்றாது. விடியற்காலையில் அதையும் நானே செய்துவிடுவேன்."

செவத்தி சாட்சியின் கையைப் பார்த்துவிட்டாள். "என்ன அண்ணாச்சி, கையெல்லாம் செவந்து கெடக்கு? வெந்நிய மேல கொட்டிக்கிட்டீகளா?"

"பரவாயில்லை" என்றான் அவன். அன்னவடிவு மிச்சமிருந்த மெழுகுக் கொழுப்பை ஒரு வாழைமட்டையில் வழித்து அவன் பக்கம் நகர்த்தினாள். அதைப் பூசிக்கொள்ளும்போது அவன் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைப் பற்றிச் செவத்தி பிறகு பல நாள் பேசிக்கொண்டிருந்தாள்.

புறப்படுவதற்கு எழுந்தபோது அவன் தயங்கி நின்றான். "செய்தவர் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது, நாச்சியார்?"

"கண்டுபிடிக்க வேண்டாம். அவரே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுவார். வெடித்துச் சிதறப்போகிற துப்பாக்கிக்குப் பக்கத்தில் தெரிந்தவன் எவனும் நிற்க மாட்டான். உங்கள் பாளையக்காரரிடம் நடந்ததைச் சொல்லும். சுடும் நேரத்தில் தம் ஆட்களில் யார் நகர்கிறார் என்று பார்க்கச் சொல்லும். ஆனால்..." அவள் நிறுத்தினாள். "இவ்வளவையும் கேட்ட பிறகு எங்கள் வீட்டில் ஓர் இரவு கிடந்த துப்பாக்கியை அவர் கையில் எடுப்பாரா?"

"எடுப்பார். சுடுவார்."

"அவருக்காக நீர் எப்படி உறுதி சொல்கிறீர்?"

"அவரை எனக்குக் கொஞ்சம் பழக்கம்" என்று சொல்லிவிட்டு அவன் பரிசலில் ஏறினான். நிலவில் பரிசல் அக்கரை சேரும்வரை அவள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். அதற்குள் வாசகர்கள் ஒன்றை ஊகித்திருப்பார்கள். நாச்சியார் ஊகிக்கவில்லை என்றால், கைவேலை அதிகம் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மறுநாள் காலை ஆற்றின் நடுத் திட்டில் இரு பாளையத்தாரும் எதிரெதிரே கூடினார்கள். இரண்டு பக்கமும் முரசும் கொம்பும் முழங்கின. கொன்றையூர் வரிசையில் நெற்றிப்பட்டம் கட்டிய யானை ஒன்று நின்றது. அதன் முன்னே பெரியவர்கள். எல்லோருக்கும் முதலில், பட்டுச் சால்வையும் வெண்தாடியுமாக, வீரகேசரித் தேவரின் சிற்றப்பனும் இத்தனை காலம் படை நடத்தியவருமான தளவாய் அம்பலவாணத் தேவர். அன்னவடிவு அண்ணனுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்றாள். கொழுப்பைத் துடைத்தாயிற்று, உலர்ந்த துணி கறையில்லாமல் வந்ததைத் தானே கண்டிருந்தாள். இருந்தாலும் அவள் கண்கள் வீரர் கூட்டத்தில் ஒரு முரட்டு முண்டாசைத் தேடின.

"கொன்றையூர்ப் பாளையக்காரர் வருகிறார்" என்று கட்டியக்காரன் கூவினான்.

வரிசை விலகியது. மணலில் நடந்து வந்தவருக்குத் தலையில் சரிகைப் பாகை, இடையில் பொற்பிடி வாள். வலக்கையில் மட்டும் வெந்நீர் பட்ட சிவப்பு.

அன்னவடிவின் கையிலிருந்த மருந்துக் குடுவை நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டாள். நேற்று அவரை வாய்க்கு வந்தபடி பேசியதும், தோசைக்கு ஆகும் என்று சொன்னதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. கோபமும் வந்தது, அந்தக் கோபத்துக்குள் சந்தோஷம் ஒளிந்திருந்தது. ஆனால் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு முன்னால் வந்தது பயம். நேற்று யாரோ ஒரு கொன்றையூரார் சுடப்போகிறார் என்று நினைத்தபோது தோன்றாத கேள்விகள் இப்போது தோன்றின. துளையில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ? இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குமோ?

மருந்தை அளந்து குழலில் கொட்டினாள். துளையருகே பற்று மருந்தும் வைத்தாள். நீட்டினாள்.

"நாச்சியார் சுகமா?" என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"சாட்சி சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள், உதட்டை அசைக்காமல்.

"சொல்லியிருந்தால் பானையைத் தொட விட்டிருப்பீர்களா?"

அவர் துப்பாக்கியை வாங்கினார். குழலுக்குள் பார்க்கவில்லை, தட்டிப் பார்க்கவுமில்லை. தோளில் சாய்த்து வானத்துக்கு உயர்த்தினார். உயர்த்தியபடியே தம் ஆட்களின் பக்கம் கண்ணை ஓட்டினார். அவசரப்படவில்லை.

எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். தளவாய் அம்பலவாணத் தேவர் மட்டும், "யானை மிரளும், யானை மிரளும்" என்று சொல்லிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். மிரளாத யானையின் முன்காலைத் தாண்டி, பின்காலையும் தாண்டி, அதன் உடம்புக்குப் பின்னால் போய்ச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு குந்தினார்.

அதே நேரத்தில் இன்னொருவரும் நகர்ந்தார். அன்னவடிவு, தான் என்ன செய்கிறோம் என்று அறியாமலே, இரண்டு எட்டு முன்னால் வைத்து, துப்பாக்கியின் அடிப்புறத்துக்கு வெகு பக்கத்தில், அவர் தோளை ஒட்டி நின்றுவிட்டாள்.

வீரகேசரித் தேவர் அதையும் பார்த்தார். பிறகு விசையை இழுத்தார்.

வேட்டுச் சத்தம் இரு கரையிலும் மோதி எதிரொலித்தது. வெள்ளைப் புகை எழுந்து, காற்றில் கலைந்து, தென்னந்தோப்புப் பக்கம் போயிற்று. குழல் முழுசாக இருந்தது. அவரும் முழுசாக இருந்தார். இரண்டு பாளையத்து வீரர்களும் ஒரே குரலில் ஆர்ப்பரித்தார்கள்.

ஆர்ப்பரிப்பு அடங்கியதும் கொன்றையூரார் திரும்பினார். "சிற்றப்பா, வெளியே வாருங்கள். குழல் வெடிக்கவில்லை" என்றார், சாவதானமாக.

தளவாய் சால்வையை விலக்கினார். எல்லாருடைய கண்ணும் தம் மேல் இருப்பதையும், தாம் குந்தியிருக்கும் இடத்தையும் கண்டார். போர் நின்றால் தளவாய்ப் பட்டமும் அதிகாரமும் போய்விடுமே என்று அஞ்சிய மனுஷர் அவர்; அந்த அச்சம் அவரை எங்கே கொண்டுவந்து குந்தவைத்திருக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். இரண்டு வீரர்கள் அவருடைய வாளை வாங்கிக்கொண்டார்கள்.

"அப்பாவுடன் பிறந்தவர்; உயிருக்கு ஒன்றும் இல்லை" என்றார் வீரகேசரித் தேவர். "இன்றே காசிக்குப் புறப்படட்டும். நல்ல நீளமான யாத்திரை. திரும்ப வேண்டும் என்று அவசியமில்லை." பிறகு திரிபுவனத் தேவரிடம் நடந்தது முழுவதையும், தாம் சாட்சியாக வந்தது உட்பட, ஒளிக்காமல் சொன்னார்.

ஆனைக்கரையார் கேட்கக் கேட்க மீசை துடித்தது. தங்கையைப் பார்த்தார். "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அன்னம்."

"சொல்லியிருந்தால் இந்நேரம் நீங்கள் கொன்றையூர்க் கோட்டை வாசலில் நின்றிருப்பீர்கள், அண்ணா."

தேவர் மறுக்க வாயெடுத்தார். "நின்றிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டு உரக்கச் சிரித்துவிட்டார். கொன்றையூர்ப் பெண்கள் கழுவி அனுப்பிய தம் துப்பாக்கியை வாங்கி, அவரும் வானத்தைப் பார்த்துச் சுட்டார். பகை முடிந்தது.

வீரகேசரித் தேவர் அன்னவடிவின் முன்னே வந்து, இன்னும் சூடு ஆறாத துப்பாக்கியைக் கிடையாக ஏந்தினார். "பின்வாங்குகிறவரைத்தான் நான் தேடினேன், நாச்சியார். யாரும் முன்னால் வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த ஆற்றைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன்: தங்கள் கை துடைத்துத் தந்த குழலுக்குள் என் ஆயுள் உள்ள வரைக்கும் எட்டிப் பார்க்க மாட்டேன். தங்களுக்குச் சம்மதமானால் வேறெந்தக் கையும் இதைத் துடைக்கப் போவதில்லை."

கூட்டம் முழுவதும் காது கொடுத்துக்கொண்டு நின்றது. திரிபுவனத் தேவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அன்னவடிவின் கண்கள் நிறைந்துவிட்டன; ஆனால் குரல் உறுதியாகவே வந்தது.

"சுட்ட குழலைப் பொழுது சாயும்வரை வைத்திருக்கக் கூடாது. இன்றைக்கே கழுவியாக வேண்டும்" என்று சொல்லி, துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் சார்த்திக்கொண்டாள்.

"முறைப்படி சாட்சி ஒருவர் கூட வர வேண்டுமே" என்றார் ஆனைக்கரையார், இன்னும் வானத்தையே பார்த்தபடி.

"வருகிறேன், மைத்துனரே" என்றார் கொன்றையூரார். இந்தத் தடவை முண்டாசைத் தேடவில்லை. பாகையோடும் வாளோடும் பரிசலில் முதலில் ஏறி, நாச்சியார் ஏறுவதற்குக் கை நீட்டினார்.